கோட்டில் நிற்கும் ஆட்டமும் வாழ்வும்

வெளியூர் சென்று திரும்புவோர் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. காசிக்குச் சென்றவர் கங்கை நீர் கொணர்வார்; மைசூருக்குச் சென்றவர் சந்தனக் கட்டை கொணர்வார். இவர்களுக்கிடையே, சென்ற இடத்திற் கண்ட மாந்தரையும் அவர்தம் ஆடலையும் தொழிலையும் சிறு தாள்களிற் கோடுகளாக எழுதிக் கொணர்வோரும் உளர். இவ்வாறு காட்சியின் முன் நின்று விரைந்து வரையும் சித்திரத்தையே கோட்டோவியம் என்கிறோம். வண்ணமும் திரைச்சீலையும் இதற்கு வேண்டா. கண்ணும் கையும் ஒரு பென்சிலும் போதும். இக்கலை எவ்வாறு வளர்ந்தது, இதன் நுட்பம் யாது, அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதனால் ஆகும் பயன் என்ன என்பவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

சித்திரக்காரனுக்கு எளிய பொருளும் உண்டு, அரிய பொருளும் உண்டு. கோயிற் கோபுரம் அவனுக்காகக் காத்திருக்கும். மலையும் காத்திருக்கும். ஆனால் கூடை சுமந்து சந்தைக்குச் செல்லும் அம்மையார் காத்திரார். சலங்கை கட்டி ஆடும் பெண்ணும் ஒரு நிலையில் நிற்பதில்லை. நடனம், அன்றாட வாழ்வு ஆகிய இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினும், வரைபவனுக்கு இரண்டும் ஒரே வினாவையே எழுப்புகின்றன: அசைவதை அசையாத தாளில் நிறுத்துவது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு நம் முன்னோர் கல்லிலேயே விடை கண்டனர். பரத நூல் கூறும் 108 கரணங்களை, தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் மேல்தளத்திற் சிற்பிகள் செதுக்கத் தொடங்கினர். 81 கரணங்கள் முடிந்துள்ளன; எஞ்சியவற்றிற்குரிய கற்கள் உளி படாமல் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. சிதம்பரத்தின் கோபுர வாயில்களிலோ கரணங்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒரு கரணம் என்பது கையும் காலும் உடலும் சேர்ந்தியங்கும் ஓர் இயக்கமேயன்றி, வெறும் நிற்கும் நிலையன்று. எனவே அதன் தொடக்கத்தையோ நடுவையோ முடிவையோ தேர்ந்தெடுத்துச் செதுக்கவேண்டிய பொறுப்பு சிற்பியினுடையதாயிற்று. எக்கணத்தைத் தேர்ந்தால் முன்னும் பின்னும் உள்ள அசைவு பார்ப்பவர் மனத்தில் தானாக எழுமோ, அக்கணத்தைத் தேர்வதே திறமை. இன்று ரயிலில் அமர்ந்து வரையும் இளைஞனுக்கும் விதி இதுவே.

பிற நாட்டுப் பயணிகள் நம் நாட்டு வாழ்வை வரைந்த வரலாறும் நெடியது. ஆன்ட்வெர்ப் நகரத்தில் 1760-இல் பிறந்த பால்தசார் சால்வின்ஸ் 1791-இற் கல்கத்தாவுக்கு வந்தார். தொழிலாளர், இசைக்கருவி வாசிப்போர், ஆடல் மகளிர், வண்டிகள், படகுகள், திருவிழாக்கள் எனத் தாம் கண்டவற்றை 250 செப்புத்தகட்டுச் சித்திரங்களாக வெளியிட்டார். பின்னர் பாரிசு நகரில் 1808 முதல் 1812 வரை அவற்றை விரித்து நான்கு பெருந்தொகுதிகளாக அச்சிட்டார். அம்முயற்சி அவருக்குப் பொருளிழப்பையே தந்தது. ஆயினும் அக்காலத்து வங்கத்தின் தெருவை நாம் காண அது உதவுகிறது. தஞ்சையிலும், சரபோசி மன்னர் காலத்தை ஒட்டி, ஒவ்வொரு தொழிலாளியையும் மனைவியையும் தொழிற்கருவியுடன் இணையாக நிறுத்தி எழுதிய சித்திரத் தொகுதிகள் ஆங்கிலேயருக்காக உருவாயின. குயவர், வண்ணார், நெசவாளர், நாட்டியக்காரர் எனப் பலரும் அவற்றில் நிற்கின்றனர்.

இச்சித்திரங்களிடத்து நமக்கு நன்றியும் உண்டு. ஒரு குறையும் உண்டு. அவற்றில் நிற்பவர்க்குப் பெயர் இல்லை. 'குயவர்' என்று இருக்குமேயன்றி, இன்னார் என்று இராது. வரைந்தவர் ஒரு மனிதரைக் கண்டார். ஆனால் ஒரு வகையை எழுதினார். நம் நாட்டுத் தொழிலாளரின் உருவம் நூற்றாண்டுக் கணக்காக ஏடுகளில் இருந்தும், அவர்தம் பேரர் எவரும் 'இவர் எம் பாட்டனார்' என்று சுட்ட இயலாமற் போனதற்குக் காரணம் இதுவே.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. கடலூரை அடுத்த திருவேந்திபுரத்திலிருந்து தேவதாசியர் ஐவரும் இசைவாணர் மூவரும் 1838-இல் கப்பலேறிப் பாரிசு நகரம் சென்று ஆடினர். அவர்களுள் அம்மணி என்னும் நங்கையின் ஆடலைக் கண்ட சிற்பி பார் என்பார், அதே ஆண்டில் அவருடைய உருவத்தை வெண்கலச் சிறுசிலையாக வடித்தார். அம்மணி என்ற பெயர் அச்சிலையோடு நிலைத்துவிட்டது. புகழ்பெற்ற சிற்பி ரோடின் 1906-இற் கம்போடிய அரண்மனை நாட்டியக் குழுவினரைப் பாரிசில் முதன்முறை கண்டார். மனநிறைவு கொள்ளாமல் அவர்களைத் தொடர்ந்து மார்செயில் துறைமுகம் வரை சென்று, ஏறத்தாழ 150 சித்திரங்களை எழுதினார். அப்போது அவருக்கு வயது 65. ஆடுவோர் கப்பலேறுமுன் கண்டதையெல்லாம் கோட்டில் அடக்கிவிடவேண்டும் என்ற தவிப்பே அம்முதியவரைப் பயணம் செய்வித்தது எனலாம்.

நம் நாட்டு ஓவியரும் பின்தங்கினாரல்லர். சாந்திநிகேதனத்தின் நந்தலால் போஸ் எங்குச் சென்றாலும் சிறு அட்டைகளைக் கையோடு கொண்டு செல்வார். வழியிற் கண்ட ஆட்டையும் உழவரையும் அவற்றில் வரைவார். காந்தியடிகள் வேண்ட, 1938-இல் ஹரிபுராவிற் கூடிய காங்கிரசுக்காக அவர் எழுதிய படங்களில் மத்தளம் அடிப்போரும் தச்சரும் சமையல் செய்யும் பெண்களும் இடம்பெற்றனர். கர்நாடகத்தில் உடுப்பியை அடுத்த கட்டிங்கேரியிற் பிறந்த கே. கே. ஹெப்பார் (1911–1996) ஒரு படி மேலே சென்றார். நடனத்தை வரைய விரும்பிய அவர், லயத்தைத் தம் உடலால் உணரவேண்டும் என்று கருதி, ஆசிரியர் ஒருவரிடம் கதக் நடனமே பயின்றார். 1964-இல் வெளிவந்த அவருடைய கோட்டோவிய நூலுக்குப் 'பாடும் கோடு' என்னும் பொருளுள்ள பெயரே சூட்டப்பட்டது. பெயருக்கேற்ப, அவர்தம் ஒரே கோடு இடையில் தடித்தும் நுனியில் மெலிந்தும் ஓடி ஓர் ஆட்டம் முழுவதையும் காட்டிவிடும்.

தமிழ் வாசகர்க்கு இவ்வகையில் மிக நெருங்கியவர் இருவர். சில்பி கோயில் கோயிலாகச் சென்று அமர்ந்து வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்தது. கோபுலு (1924–2015) நம் வீட்டுத் திண்ணையையும் கல்யாணப் பந்தலையும் ரயில் பெட்டியையும் சில கோடுகளில் நம்முன் நிறுத்தினார். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதைக்கு அவர் வரைந்த சித்திரங்களில், நாயனம் பிடிக்கும் விரல்களும் அபிநயம் பிடிக்கும் விரல்களும் வெவ்வேறு விரல்கள் என்பது தெளிவாகத் தெரியும். கூர்ந்து பார்த்துப் பழகாத கையால் அது இயலாது.

இனி, இக்கலையின் நுட்பத்தைக் காண்போம். இது தெய்வத்தின் வரம் என்று எண்ணி ஒதுங்கவேண்டியதில்லை. படிப்படியாகப் பழகினால் எவர்க்கும் ஓரளவு கைவரக்கூடியதே.

முதற்படி, அசையாதவரை வரைதல். ரயிற் பயணத்தில் உறங்குவோரே சிறந்த மாதிரிகள். தலை எப்பக்கம் சாய்கிறது, அதன் பாரத்தை எது தாங்குகிறது என்று பாருங்கள். தோளா, சன்னற் கம்பியா, பக்கத்தில் இருப்பவரா? பாரம் இறங்கும் வழியை முதலில் ஒரு கோடாக எழுதினால் உருவம் தானே அமையும். மூக்கையும் கண்ணையும் முதலில் எழுதப் புகுபவர் தோற்பர்.

இரண்டாம் படி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வோரை வரைதல். பூத்தொடுப்பவர், துணி தேய்ப்பவர், குழாயடியிற் குடம் தூக்குபவர், தேநீரை ஆற்றுபவர் ஆகியோர் இவ்வகையினர். முதற் சில முறை பென்சிலைத் தொடாமற் பார்த்தல் வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் இரு எல்லைகள் உண்டு. தேநீர் ஆற்றுபவரின் கை உச்சியில் ஒரு கணம் தங்கும். கீழே ஒரு கணம் தங்கும். அந்த எல்லைகளில் ஒன்றையே வரையவேண்டும். இடையிலுள்ளதை வரைந்தால் கை தளர்ந்து தொங்குவதுபோலத் தோன்றும்.

மூன்றாம் படியே நடனம். பரதநாட்டியத்தில் அரைமண்டி நிலையில் முழங்கால்கள் இரு பக்கமும் விரிய, கால்களுக்கிடையே ஒரு சாய்சதுரம் தோன்றும். நீட்டிய கைகள் அதன்மேல் ஒரு முக்கோணத்தை அமைக்கும். இவ்விரு வடிவங்களையும் முதலில் மெல்லக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அடவுகள் வலப்புறமும் இடப்புறமும் மாறி மாறி, முக்காலத்திலும் வருவதால், முதன்முறை தவறியதை மறுமுறை பிடிக்கலாம். தீர்மானத்தின் முடிவில் ஆடுபவர் ஒரு கணம் நிலைத்து நிற்பார். தாளம் தெரிந்தவர்க்கு அக்கணம் வருவது முன்கூட்டியே தெரியும். ஹெப்பார் நடனம் பயின்றதன் காரணம் இப்போது விளங்கும்.

நாட்டுப்புற ஆடல்களுக்கு வேறு கணக்கு. கரகம் எடுப்பவர்க்குத் தலை அசையாது; கழுத்துக்குக் கீழே அனைத்தும் அசையும். ஆகவே குடத்திலிருந்து பாதம் வரை நேர்க்கோடு ஒன்றை முதலில் இழுத்து, அதனைச் சுற்றி உடலின் வளைவுகளை எழுதவேண்டும். பறை அடிப்பவர் கருவியைத் தோளில் மாட்டி மார்போடு அணைத்திருப்பார். நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி ஒரு கையிலும், குட்டையான அடிக்குச்சி மறுகையிலும் இருக்கும். இரு கைகளின் வேலையும் வேறுவேறு என்பதைக் கோடு காட்டவேண்டும். தெருக்கூத்தில் கட்டைவேடம் புனைந்தவர், கிரீடமும் தோள் அணிகளும் சேர, உடலினும் இருமடங்கு அகன்று தோன்றுவார். அவர் சுழன்று ஆடும்போது புறவடிவம் ஒன்றையே கருநிழலாக எழுதுவது நன்று.

இத்துணையும் செய்ய ஒரு சிறு குறிப்பேடும் மெத்தென்ற கருமையுள்ள பென்சிலும் போதும். அழிப்பான் வேண்டா. அழிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். தவறிய கோட்டின்மேல் சரியான கோட்டை எழுதினால், அசைவின் சாயலே அதனாற் கூடும்.

கையிற் கைப்பேசி இருக்கும்போது இத்தொல்லை ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நிழற்படம் ஒரு நொடியில் அனைத்தையும் பதிகிறது. எடுத்தவர் எதையும் பாராமலேயே அது நிகழ்ந்துவிடலாம். சித்திரமோ பார்த்ததை மட்டுமே பதியும். கால்மணி நேரம் ஒருவரை உற்று நோக்கி வரைந்தவர், அவர் நிற்கும் வகையை வாழ்நாள் முழுதும் மறவார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது நன்கு விளங்குகிறது. ஒரு வாக்கியத்தை மேலோட்டமாகப் படிப்பது வேறு. அதனை மற்றொரு மொழியிற் சொல்ல முயலும்போது அதன் ஒவ்வொரு சொல்லும் நம்மைத் தடுத்து நிறுத்துவது வேறு.

நம் பணியின் பொருட்டு ஆண்டர்சன்பேட்டைக்குச் சென்று சில நாள் தங்கியபோது இக்கருத்து நமக்கு வலுப்பெற்றது. கோலார் தங்கவயலைச் சேர்ந்த இவ்வூரின் தெருக்களில் தமிழே பெரிதும் ஒலிக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலை ஏற்றபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தோரின் வழித்தோன்றல்களே இம்மக்கள். இவர்தம் உழைப்புக்காகவே 1902-இற் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கே கொண்டுவரப்பட்டது. பெங்களூருக்கே அதன் பின்னர்தான் மின்சாரம் கிடைத்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்குச் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியது. சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசுக்கும், 1962-இல் மத்திய அரசுக்கும் உரியவையாயின. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் கீழ் இயங்கி, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன.

வெட்டியெடுத்த தங்கம் எண்ணூறு டன்னுக்கு மேல் என்பர். அத்தங்கம் எங்கோ சென்றது. எஞ்சியவை வெளுத்த சயனைடு மேடுகளும், துருவேறிய இரும்புக் கோபுரங்களும், லைன் வீடுகளும், மக்களுமே. இன்று விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். நாம் மேலே சொன்ன முதற்படிப் பாடத்துக்குரிய உறங்கும் மாதிரிகள் அப்பெட்டிகளில் நிறைய உளர். ஆனால் அவர்கள் உறங்குவது ஓய்வினாலன்று, களைப்பினால் என்பதையும் வரைபவர் கோட்டிற் காட்டவேண்டும்.

அங்கே முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். முப்பது ஆண்டு சுரங்கத்தினுள் உழைத்தவர். பாறையைத் துளைக்கும் யந்திரத்தை எவ்வாறு பிடிப்பீர்கள் என்று வினவினோம். அவர் சொல்லால் விடை கூறவில்லை. எழுந்து நின்றார், ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடித்தார், பின்காலை உறுதியாக ஊன்றினார், தோளைத் தாழ்த்தி, இரு கைகளாலும் இல்லாத யந்திரத்தைத் தாங்கி நெஞ்சோடு அழுத்தினார். அவர் உடல் மெல்ல அதிர்ந்தது. சில நொடிகளில் இருமல் வர, அமர்ந்துகொண்டார். அரைமண்டியைப் போல அளவும் ஒழுங்கும் உடைய அந்நிலை எந்த நூலிலும் எழுதப்படாத ஒரு கரணம். அதனை அறிந்த உடல்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அலுவலக ஏடுகள் தொழிலாளியின் எண்ணையும் கூலியையும் சொல்லும். அவர் எவ்வாறு நின்றார் என்பதைச் சொல்லமாட்டா.

பிற நாட்டில் இதற்கு வழிகாட்டிகள் உண்டு. ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர், தம் தந்தையார் உழைத்த வீல்டேல் நிலக்கரிச் சுரங்கத்தினுள் உலகப்போர்க் காலத்தில், 1941–42-இல், இறங்கினார். இருட்டிலும் தூசியிலும் விரைவாகக் குறிப்பெடுத்து, மேலே வந்தபின் அவற்றை விரித்து வரைந்தார். சுரங்கத் தொழிலாளியின் மகன் ஆதலின், குனிந்து வெட்டும் முதுகின் பாரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

இதனினும் வியப்புக்குரியது ஆஷிங்டன் என்னும் ஊரின் கதை. வட இங்கிலாந்தில் உள்ள அவ்வூரில் 1934-இற் சுரங்கத் தொழிலாளர் சிலர், மாலை வகுப்பில் ஓவியத்தைச் சுவைக்கக் கற்க விரும்பினர். இராபர்ட் லயன் என்னும் ஆசிரியர், பெரிய ஓவியர்களின் படங்களைக் காட்டி விளக்கிப் பயன் காணாமல், 'நீங்களே வரைந்து பாருங்கள்' என்றார். அவர்களும் வரைந்தனர். நிலத்தடி வேலை, சமையலறை, தோட்டம், புறாக்கூண்டு எனத் தாம் அறிந்ததையே வரைந்தனர். பகலிற் சுரங்கமும் மாலையில் தூரிகையுமாகப் பல பத்தாண்டுகள் கழிந்தன. ஆஷிங்டன் சுரங்கம் 1988-இல் மூடப்பட்டது. ஆயினும் அவர்கள் வரைந்தவை அருகிலுள்ள உட்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இன்றும் காட்சிக்கு உள்ளன. அவ்வூர்க் குழந்தைகள் சென்று, தம் பாட்டனார் எவ்வாறு உழைத்தார் என்பதைப் பாட்டனாரின் தோழர்தம் கையெழுத்திலேயே காணலாம்.

சால்வின்ஸ் வெளியிலிருந்து வந்து வரைந்தார். மூர் ஊரைவிட்டுச் சென்று, மீண்டு வந்து வரைந்தார். ஆஷிங்டன் மக்களோ அங்கேயே இருந்து வரைந்தனர். இம்மூன்றில் அயல் மாநிலத் தமிழர்க்கு உரிய வழி எது? நாம் ஒரு வகையிற் பயணிகள். மற்றொரு வகையில் அவ்வூர்க்காரர்களே. பம்பாயின் தாராவியிலும், டில்லியின் கரோல்பாகிலும், பெங்களூரிலும், தங்கவயலிலும் தலைமுறைகள் பல கழிந்துவிட்டன. வந்தவர் கண்ணின் வியப்பும் வாழ்பவர் நெஞ்சின் உரிமையும் நம்மிடம் ஒருங்கே உள்ளன. அயலார் காணாததை நாம் காண்போம். உள்ளூரார் பழகிப்போய்க் கவனியாததையும் நாம் கவனிப்போம்.

ஆதலின், இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். நம் சங்கங்களும் மன்றங்களும் பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கின்றன. மயிலும் தாமரையும் வரையச் சொல்வதோடு நில்லாது, தம் தெருவில் உழைப்போரையும், ஆடித் திருவிழாவிற் கரகம் எடுப்போரையும், பறை அடிப்போரையும் நேரிற் கண்டு வரையுமாறு ஓர் ஆண்டேனும் பணிக்கலாம். தங்கவயலில் உள்ள இளைஞர், நிலத்தடியில் உழைத்த முதியவர்களை அணுகி, 'ஐயா, அந்த வேலையை எப்படிச் செய்தீர்கள், ஒருமுறை நின்று காட்டுங்கள்' என்று வேண்டி வரைந்துகொள்ளலாம்.

இரண்டாவது, வரையும் முறைமை பற்றியது. ஒருவரை வரையுமுன் அவர் இசைவைக் கேளுங்கள், மறுத்தால் விலகுங்கள். வரைந்தபின் அவரிடமே முதலிற் காட்டுங்கள். 'என் தோள் இப்படி இராது' என்று அவர் சொன்னால், அவரைவிட நல்ல ஆசிரியர் உங்களுக்கு இல்லை. அவர் விரும்பினால், தாளின் அடியில் அவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதுங்கள். பழைய சித்திரத் தொகுதிகளில் இல்லாத அந்த ஒரு வரியை நாம் சேர்த்தோமாயின், பிற்காலத்தில் ஒரு பெயர்த்தி அத்தாளைக் கையில் எடுத்து, இவர் எம் பாட்டனார், இவ்வாறுதான் நின்றார் என்று தன் பிள்ளைக்குச் சொல்ல இயலும்.